காதால் காணும் உயிர்: கங்கை ஓங்கிலும் நீருக்கடியில் பெருகும் இரைச்சலும்

(கொல்கத்தா லேக் கார்டன்ஸில் தமிழன்பர்கள் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நீருக்கு அடியில் மனிதன் எழுப்பும் இரைச்சல் அங்கு வாழும் விலங்குகளை எவ்வாறு பாதிக்கிறது என்பதே இச்சொற்பொழிவின் பொருள். கப்பல், விசைப்படகு, தூர்வாரும் எந்திரம், கடலடியில் எண்ணெய் தேடும் காற்றுப் பீரங்கி, ஒலி அனுப்பி நீருக்கடியில் தேடும் போர்க்கப்பல் சோனார், பாலத்துக்கும் காற்றாலைக்கும் அடிக்கப்படும் தூண் ஆகியவை இந்த இரைச்சலின் முதன்மையான ஊற்றுகள். உலக அரங்கில் இதைப் பற்றிய பேச்சு எழும்போது பெருங்கடல்களும் திமிங்கிலங்களுமே முன்னிற்பது வழக்கம். ஆயினும் லேக் கார்டன்ஸுக்குச் சில கிலோமீட்டர் மேற்கே ஓடும் ஹூக்ளியிலும், அதற்கு மேலே பீகாரையும் கடந்து நீளும் கங்கையிலும் இதற்கு மிகத் தெளிவான சான்று ஒன்று உயிரோடு நீந்திக்கொண்டிருக்கிறது. பார்வையை ஏறத்தாழ முற்றிலும் இழந்து, ஒலியைக் கொண்டே வழியையும் இரையையும் அறியும் கங்கை ஓங்கிலே (டால்பின்) அந்தச் சான்று. ஒலியால் பார்க்கும் உயிருக்கு இரைச்சல் என்பது இருள். அந்த இருள் எவ்வளவு அடர்த்தியானது என்பதைப் படகின் எஞ்சினோடு சேர்ந்து ஆற்றில் ஓடும் நீரின் ஆழமும் தீர்மானிக்கிறது. ஆகவே ஆற்றில் நீரைக் காப்பதும் இரைச்சலைக் குறைப்பதும் ஒரே கடமையின் இரு பாதிகள் என்பதை இச்சொற்பொழிவு எடுத்துரைக்கும்.

நீரில் ஒலியின் போக்கு

ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்திலும், நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்திலும் செல்கிறது. நீரில் அது காற்றைவிட நெடுந்தொலைவு தேயாமலும் பரவுகிறது. ஒளியின் நிலையோ இதற்கு நேர்மாறானது. தெளிந்த கடலிலேயே 200 மீட்டர் ஆழத்துக்குக் கீழே சூரிய ஒளி மங்கிவிடுகிறது. வண்டல் சுமந்துவரும் கங்கையில் கையை முழங்கைவரை நீரில் அமிழ்த்தினால் விரல்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதனால்தான் நீர்வாழ் உயிர்கள் பலவும், நிலத்தில் கண் செய்யும் வேலைகளைச் செவியிடம் ஒப்படைத்திருக்கின்றன.

திமிங்கிலங்கள் பாடுவதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பர். மீன்களும் பேசுகின்றன என்பது அவ்வளவாகத் தெரியாத செய்தி. தமிழகக் கரையில் கத்தாழை என்றும் வங்கத்தில் போலா என்றும் பெயர்பெற்ற மீன்கள், தம் காற்றுப்பையை ஒட்டிய தசைகளை அதிரவைத்து முரசு கொட்டுவதுபோல ஒலி எழுப்புகின்றன. வங்காளிகள் இலிஷ் என்றும் தமிழர் உள்ளம் என்றும் சொல்லும் மீனும், மத்தியும் அடங்கிய ஹெர்ரிங் வரிசை மீன்களில் காற்றுப்பையின் நுண்கிளை உட்செவிவரை நீண்டு செல்வதால், அவை மற்ற மீன்கள் பலவற்றைக் காட்டிலும் நுட்பமாகக் கேட்கும் திறன் பெற்றவை. பவளப்பாறைகளில் வாழும் சொடுக்கு இறால் தன் கொடுக்கை வேகமாக மூடும்போது தோன்றும் நீர்க்குமிழி வெடிக்கும் ஓசை, பாறைப் பகுதி முழுவதும் எண்ணெயில் கடுகு பொரிவதுபோலக் கேட்கிறது. பிரெஞ்சுக் கடலாய்வாளர் ழாக் கூஸ்தோ 1956இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆவணப்படத்துக்கு ‘மௌன உலகம்’ என்றே பெயர். ஆனால் நீருலகம் ஒருபோதும் மௌனமாக இருந்ததில்லை. காற்றில் கேட்பதற்கென்று அமைந்த மனிதச் செவிக்கு அந்த உலகின் ஓசை எட்டவில்லை என்பதே உண்மை.

எட்டாமைக்கு இயற்பியல் காரணம் உண்டு. காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பு ஒலிக்கு ஒரு மதில் போன்றது. காற்றிலிருந்து வந்து நீர்ப்பரப்பில் மோதும் ஒலி ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ளே புகுகிறது, மற்றதெல்லாம் திரும்பிவிடுகிறது. இங்குள்ள சதர்ன் அவென்யூ சாலையில் எழும் வாகன ஹாரன் ஒலியில் மிகச் சிறு பகுதிதான் அருகிலுள்ள ரவீந்திர சரோவர் ஏரியின் நீருக்குள் நுழையும். ஆனால் அதே சரோவரில் ஒருவர் துடுப்பை நீரில் இறக்கி இழுத்தால், அந்தச் சலசலப்பு நேரே நீருக்குள்ளேயே பிறப்பதால் ஏரியின் மறுகரைவரை தடையின்றிச் செல்லும். மதில் இரு புறமும் ஒன்றுபோலவே இயங்குகிறது: நீருக்குள் ஒரு கப்பலின் சுழலி எழுப்பும் பேரிரைச்சலில் மிகச் சிறு பங்கே படித்துறையில் நிற்பவரின் காதுக்கு வருகிறது. ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கூட ஆற்றுக்குள் நடந்திருக்கும் மாற்றத்தை உணராமல் இருப்பதற்கும், இந்த மாசு மற்ற மாசுகளைவிடப் பிந்திக் கவனத்துக்கு வந்ததற்கும் இதுவே காரணம்.

ஒலியின் வலிமையைக் குறிக்கும் டெசிபல் என்ற அலகைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. அது கூட்டல் கணக்கில் ஏறும் அளவுகோல் அன்று; பெருக்கல் கணக்கில் ஏறுவது. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்காகிறது, 10 டெசிபல் கூடினால் பத்து மடங்காகிறது. நீரிலும் காற்றிலும் அளவிடுவதற்குக் கொள்ளும் அடிப்படைகள் வேறுபடுவதால், நீரில் 180 டெசிபல் என்று படிக்கும் எண்ணைக் காற்றில் 180 டெசிபல் என்று கொள்ளலாகாது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 62 டெசிபல் வேறுபாடு உண்டு. அதிர்வெண் என்பது ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற எண்ணிக்கை. நொடிக்கு ஆயிரம் அதிர்வு ஒரு கிலோஹெர்ட்ஸ். மனிதச் செவியின் மேல் எல்லை ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ். ஓங்கில்களின் ஒலியுலகம் அந்த எல்லைக்கு அப்பால் மேலே நெடுந்தொலைவு விரிந்து கிடக்கிறது.

கல்கத்தாவில் அறிமுகமான விலங்கு

கங்கை ஓங்கில் அறிவியல் உலகுக்கு அறிமுகமானதில் இந்நகருக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னை மாகாணத்தில் பணியாற்றிப் பின்னர் ஹூக்ளிக் கரையில் இருக்கும் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற வில்லியம் ராக்ஸ்பர்க், 1801இல் கல்கத்தாவின் ஆசியச் சங்க வெளியீட்டில் இவ்விலங்கை விவரித்து எழுதினார். இந்திய அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஜான் ஆண்டர்சன் 1870களின் இறுதியில் வெளியிட்ட பெருநூலில், இதன் உடற்கூற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இவற்றுக்கெல்லாம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, அசோகரின் ஐந்தாம் தூண் சாசனம் கொல்லத்தகாத உயிர்களின் பட்டியலில் ‘கங்காபுபுடக’ என்ற ஒன்றைச் சேர்த்திருக்கிறது. அது கங்கை ஓங்கிலையே குறிக்கிறது என்று அறிஞர்கள் பலர் கருதுகின்றனர். 2009 அக்டோபரில் இந்திய அரசு இதனை நாட்டின் நீர்வாழ் விலங்காகத் தேர்ந்தெடுத்தது.

வங்காளிகள் இதனை ஷுஷுக் என்றும் இந்தி பேசுவோர் சூன்ஸ் என்றும் அழைக்கின்றனர். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நீர்ப்பரப்புக்கு வந்து மூச்சுவிடும்போது எழும் ‘சூஸ்’ என்ற ஓசையே பெயராயிற்று என்பர். முழுதும் வளர்ந்த விலங்கு இரண்டு முதல் இரண்டரை மீட்டர் நீளம் இருக்கும். நீண்டு மெலிந்த தாடையின் இருபுறமும் ஊசிபோன்ற பற்கள் தெரியும். கண் குண்டூசித் துளை அளவே இருக்கிறது. அதில் ஒளியைக் குவிக்கும் வில்லையே இல்லை. வெளிச்சம் வரும் திசையை உணர்வதற்கு மேல் அந்தக் கண்ணால் ஆவது ஒன்றுமில்லை. ஆழம் குறைந்த நீரில் இது ஒருபக்கமாகச் சாய்ந்து, ஒரு துடுப்புக் கை ஆற்றின் அடித்தரையைத் தடவும்படி நீந்துகிறது. நீந்தும்போதே தலையை இப்படியும் அப்படியும் ஓயாமல் அசைக்கிறது. கைவிளக்கோடு இருட்டறையில் நடப்பவர் விளக்கை நாற்புறமும் திருப்புவது போன்றது அந்த அசைவு. இங்கே விளக்கின் இடத்தில் இருப்பது ஒலிக்கற்றை.

‘எதிரொலி இடங்காணல்’ என்று இம்முறைக்குப் பெயர். விலங்கு மிகக் குறுகிய சொடுக்கொலிகளை வெளிவிட்டு, அவை மீனிலோ வலையிலோ மணல்திட்டிலோ பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு, திரும்பிவர எடுத்த நேரத்தைக் கொண்டு தொலைவையும், எதிரொலியின் தன்மையைக் கொண்டு பொருளின் இயல்பையும் அறிகிறது. வங்கதேசச் சுந்தரவனத்தில் நடத்தி 2013இல் வெளியான ஓர் ஆய்வு, கங்கை ஓங்கிலின் சொடுக்கொலி 60 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்ணில் அமைந்திருப்பதையும், ஒத்த பருமனுள்ள கடல் ஓங்கில்களின் சொடுக்கொலியைவிட அது மிக மெல்லியது என்பதையும் காட்டியது. வளைவும் திட்டும் மிதக்கும் குப்பையும் நிறைந்த ஆற்றில் உரக்கக் கத்தினால் நாற்புறமிருந்தும் எதிரொலிகள் மோதிக் குழப்பும். ஆகவே அருகில் உள்ளதை மட்டும் மெல்லிய ஒலியால் தடவிப் பார்க்கும் இயல்பை இவ்விலங்கு பெற்றிருக்கிறது. ஆற்றுக்கு இசைவாக வாய்த்த அந்த மென்மை, இரைச்சல் பெருகும்போது இதன் பெருங்குறையாக மாறிவிடுகிறது.

எஞ்சினும் ஆறும்

சிறு டீசல் எஞ்சின் பொருத்திய நாட்டுப்படகை வங்க ஆற்றோர மக்கள் ‘பட்பட்டி’ என்று அழைப்பது கவனிக்கத்தக்கது. மூச்சின் ஓசையைப் பெயராகக் கொண்ட விலங்கும், எஞ்சினின் ஓசையைப் பெயராகக் கொண்ட படகும் ஒரே ஆற்றில் செல்கின்றன. ஆயினும் கரையில் கேட்கும் பட்பட் ஓசை, நீருக்குள் நிகழ்வதில் ஒரு பகுதிதான். சுழலியின் இலைகள் வேகமாகச் சுழலும்போது அவற்றின் பின்புறத்தில் அழுத்தம் தாழ்ந்து, நீர் கொதிப்பதுபோல எண்ணற்ற ஆவிக் குமிழிகள் தோன்றி, உடனே நசுங்கி வெடிக்கின்றன. குமிழாக்கம் என்று சொல்லப்படும் இந்நிகழ்வே கப்பல் இரைச்சலின் பெரும் பகுதிக்குக் காரணம். வேகம் கூடக்கூடக் குமிழாக்கம் பெருகும். வளைந்தும் முறிந்தும் பாசி படிந்தும் இருக்கும் சுழலியில் அது இன்னும் முன்னதாகவே தொடங்கிவிடும்.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. கப்பல் இரைச்சலின் ஆற்றல் பெரும்பாலும் ஒரு கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது; ஓங்கிலின் சொடுக்கொலியோ 60 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது; ஒன்று மற்றொன்றை எவ்வாறு மறைக்கும்? விடை தொலைவிலும் நீரின் இயல்பிலும் இருக்கிறது. குமிழாக்கம் தாழ்ந்த ஒலியோடு நின்றுவிடாமல் பத்துக்கணக்கான கிலோஹெர்ட்ஸ்வரை பரந்த இரைச்சலை எழுப்புகிறது. கடல்நீரில் கரைந்துள்ள மக்னீசியம் சல்பேட் போன்ற உப்புகள் உயர் அதிர்வெண் ஒலியை விரைவில் உறிஞ்சிவிடுகின்றன. அங்கே விலங்குக்கு விலகிச் செல்ல இடமும் உண்டு. நன்னீரில் அத்தகைய உறிஞ்சல் மிகக் குறைவு. ஆற்றின் ஆழமான ஓடுபாதை குறுகலானது; ஆழ்மடுக்களையும் ஆறுகள் கூடும் இடங்களையும் நாடும் ஓங்கிலும், ஆழத்தையே நாடும் கப்பலும் அந்த ஒரே பாதையில்தான் நெருங்கிச் செல்லவேண்டும். கோடையில் ஆறு சுருங்கும்போது அந்த நெருக்கம் இன்னும் கூடுகிறது.

ஹால்தியாவிலிருந்து பிரயாக்ராஜ்வரை 1,620 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கை, பாகீரதி, ஹூக்ளி நீர்வழி 1986இல் முதலாவது தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. உலக வங்கியின் உதவியோடு அதனைப் பெரிய சரக்குக் கப்பல்களுக்கு ஏற்றதாக்கும் திட்டத்தின் ஒரு பகுதியாக 2018 நவம்பர் 12 அன்று வாரணாசியில் சரக்கு முனையம் திறக்கப்பட்டது. கொல்கத்தாவிலிருந்து புறப்பட்ட கொள்கலன் சரக்கு அந்நாளில் அங்கே வந்துசேர்ந்தது. ஒரு டன் சரக்கைச் சாலையில் கொண்டுசெல்வதைவிட நீர்வழியில் கொண்டுசெல்ல எரிபொருள் குறைவாகவே தேவைப்படும் என்பதால், இத்திட்டத்தை ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதன் விலை எவ்வளவு, அதைச் செலுத்துவது யார் என்ற கேள்விகளையும் ஒதுக்கிவிட முடியாது.

பீகாரில் பாயும் கங்கையில் அந்தக் கேள்விகளை அளந்து பார்த்தவர்கள் மயூக் டே, ஜகதீஷ் கிருஷ்ணசாமி, ததாமிச்சி மொரிசாகா, நச்சிகேத் கேல்கர் ஆகிய நால்வர். நீரொலிவாங்கி எனப்படும் ஹைட்ரோபோனை ஆற்றில் இறக்கி, படகுப் போக்குவரத்து மிகுந்த நேரங்களையும் குறைந்த நேரங்களையும், நீர் ஆழமாக இருந்த காலத்தையும் வற்றிய காலத்தையும் ஒப்பிட்டு, அவர்கள் கண்ட முடிவுகள் 2019இல் ‘சயன்டிபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வெளிவந்தன. திடீரென்று வந்துபோகும் இரைச்சலின்போது ஓங்கில்களின் ஒலிச் செயல்பாடு கூடியது. இரைச்சல் ஓயாது நீடித்த இடங்களில் அது ஒடுங்கிப்போயிற்று. உரக்கப் பேசிப் பார்த்து, பயனில்லை என்று கண்டு வாய்மூடிவிடும் மனிதரின் நிலையோடு இதனை ஒப்பிடலாம். ஆனால் ஓங்கில் வாய்மூடுவது பார்ப்பதையே நிறுத்துவதற்கு நிகர். இரைச்சல் சொடுக்கொலிகளை வலுவாக மறைத்தது. உடல் வாழ்வதற்குச் செலவிடவேண்டிய ஆற்றலின் நெருக்கடி இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது என்று அவர்களின் கணக்கீடு காட்டியது. இவை அனைத்தும் ஆறு வற்றிய காலத்தில் மேலும் கடுமையாயின. ஆழமற்ற நீரில் தாழ்ந்த அதிர்வெண் ஒலிகள் பரவ இடமின்றிப் போவது இதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர்.

இந்த ஆய்வின் பெருமை, கப்பலையும் ஆற்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பாராமல் ஒன்றாக வைத்துப் பார்த்ததில் இருக்கிறது. ஒரே படகு, ஒரே எஞ்சின், ஒரே வேகம். ஆற்றில் நீர் நிறைந்திருந்தால் தாங்கத்தக்க தொல்லை, நீர் வற்றியிருந்தால் தாங்கவொண்ணாத நெருக்கடி. அணைகளும் பாசனக் கால்வாய்களும் நகரங்களின் குடிநீர்த் தேவையும் கோடைக் கங்கையைச் சுருக்கிக்கொண்டிருக்கும்போது, எஞ்சினின் இரைச்சலுக்கு மட்டும் எல்லை வகுப்பது பாதி வேலையாகவே நின்றுவிடும். கல்கத்தாத் துறைமுகத்தில் வண்டல் படியாமல் நீரைத் திருப்பிவிடுவதற்காக 1975இல் இயங்கத் தொடங்கிய ஃபராக்கா அணையின் மதகுகள், ஓங்கில்கள் மேலும் கீழும் சென்றுவரும் வழியைத் தடுத்து ஹூக்ளியின் கூட்டத்தை மேற்கங்கைக் கூட்டத்திலிருந்து பிரித்தன என்பதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

பெருங்கடல்கள் தரும் சான்றுகள்

பிற நாடுகளின் கடல்களில் கிடைத்த சான்றுகள், கங்கையில் தெரிவதன் பொதுத்தன்மையை உறுதிசெய்கின்றன. கலிபோர்னியாவுக்கு அப்பால் சான் நிக்கோலஸ் தீவருகே 1960களின் நடுவில் எடுத்த அளவீட்டை 2003, 2004ஆம் ஆண்டுகளின் அளவீட்டோடு ஒப்பிட்டபோது, கப்பல்களால் உண்டாகும் தாழ்ந்த அதிர்வெண் இரைச்சல் 10 முதல் 12 டெசிபல்வரை உயர்ந்திருந்தது. முன்னர் சொன்ன பெருக்கல் கணக்கில் இது பத்து மடங்கோ அதற்கும் மேலோ ஆன உயர்வு.

உயர்ந்ததைக் குறைத்தால் என்ன நிகழும் என்பதையும் வரலாறு ஒருமுறை காட்டிவிட்டது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து சில நாள் தணிந்தபோது நீருக்கடி இரைச்சல் 6 டெசிபல் குறைந்தது. அதே காலத்தில் அங்கிருந்த வடஅட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்களின் கழிவில் மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் எச்சமும் குறைந்திருந்தது. 2012இல் வெளியான இம்முடிவு, நீடித்த இரைச்சல் திமிங்கிலங்களின் உடலையே அழுத்துகிறது என்பதற்கு வலுவான ஆதாரமாயிற்று. நெகிழியும் ஈயமும் பாதரசமும் கொட்டுவதை நிறுத்திய பின்னும் பல தலைமுறை தங்கிவிடும். இரைச்சலோ ஊற்று நின்ற கணமே மறைந்துவிடும் மாசு.

போர்க்கப்பல் சோனாரின் கதை இதனினும் கொடியது. 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளின் கரையில் 17 திமிங்கில வகை விலங்குகள் ஒதுங்கின. அவற்றுள் பெரும்பாலானவை ஆழ்கடலில் மூழ்கி இரைதேடும் அலகுத் திமிங்கிலங்கள். தன் கப்பல்களின் சோனாரே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்பதை அமெரிக்கக் கடற்படையும் பங்கேற்ற விசாரணை மறுவருடமே ஏற்றுக்கொண்டது. 2002இல் கேனரித் தீவுகளில் கடற்படைப் பயிற்சியின்போது ஒதுங்கிய திமிங்கிலங்களின் உடலில் வாயுக் குமிழிகளின் தடயங்கள் காணப்பட்டன. ஆழத்திலிருந்து விரைந்து மேலேறும் முக்குளிப்போருக்கு நேரும் கேட்டோடு ஆய்வாளர்கள் அதனை ஒப்பிட்டனர். 2004இல் ஸ்பெயின் அத்தீவுகளைச் சுற்றி அத்தகைய சோனாருக்குத் தடைவிதித்த பின், அங்கே அலகுத் திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரையொதுங்குவது நின்றது.

திமிங்கிலங்களோடு கேடு முடிந்துவிடவில்லை. ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளப்பாறையில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு, விசைப்படகின் இரைச்சலுக்கு ஆளான சிறு மீன்கள் பகைமீனின் வரவை உணரத் தவறி, இரு மடங்குக்கும் மேலான எண்ணிக்கையில் இரையானதைக் காட்டியது. எண்ணெய் தேடும் காற்றுப் பீரங்கி, அழுத்திய காற்றைத் திடீரென்று வெளிவிட்டு, கடலடிப் பாறைகளிலிருந்து திரும்பும் எதிரொலியைப் படிக்கும் கருவி. அது ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால்வரை மிதவை நுண்விலங்குகளைக் கொன்றதை 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு பதிவுசெய்தது. மீன்களுக்கு உணவாகும் அந்த நுண்விலங்குகள் கடலின் உணவுச் சங்கிலியின் அடிப்பகுதியில் உள்ளவை. அடிப்பகுதியில் விழும் அடி மீனவரின் வலைவரை எட்டக்கூடியது.

ஆனால் கரையொதுங்கும் ஒவ்வொரு விலங்குக்கும் இரைச்சலையே காரணமாகச் சொல்வது அறிவியலுக்குப் பொருந்தாது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு, திருச்செந்தூர்க் கடற்கரையில் 80 அளவில் பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது, மீனவர்கள் இரவெல்லாம் அவற்றைக் கடலுக்குள் தள்ளிவிட முயன்றனர். அவற்றில் பல மீண்டும் கரைக்கே திரும்பின. அதே கரையில் 1973 ஜனவரியிலும் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கிய பதிவு உண்டு. கூட்டத்தை விட்டுப் பிரியாத இவ்விலங்குகளில் ஒன்று வழிதவறினால் மற்றவையும் பின்தொடரும்; அந்நிகழ்வுகளுக்கு இரைச்சல் காரணமென்று நிறுவப்படவில்லை. ஐயத்தை ஐயமாகவும் முடிவை முடிவாகவும் வைத்துப் பேசினால்தான், பஹாமாஸும் கங்கையும் தரும் சான்றுகளுக்கு உரிய மதிப்புக் கிடைக்கும். கடற்பசு என்றும் ஆவுளியா என்றும் வழங்கும் விலங்குக்காக 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்த தமிழ்நாடு, அந்தப் பரப்பின் ஒலிச்சூழலையும் இப்போதே அளந்து பதிவுசெய்துவைப்பது, பின்னாளில் ஐயங்களுக்கு விடைதர உதவும்.

சட்டத்தின் செவி

இரைச்சலுக்கு எதிராகச் சட்டம் பேசியதில் கல்கத்தாவுக்கு முன்னோடி இடம் உண்டு. ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்தி 1996இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் வழங்கிய ஆணை, கேட்க விரும்பாதவரைக் கேட்கும்படி வற்புறுத்தும் உரிமை எவருக்கும் இல்லை என்ற கொள்கையை நாடறியச் செய்தது. நாட்டின் பிற பகுதிகளைவிடக் கடுமையான பட்டாசு ஒலி வரம்பை மேற்கு வங்கம் பல்லாண்டு பின்பற்றியதும் அந்த வழியில் வந்ததே.

ஆனால் இந்தியச் சட்டத்தின் செவி காற்றில் மட்டுமே கேட்கிறது. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில் 1987இல் செய்யப்பட்ட திருத்தம், இரைச்சலைக் காற்றை மாசுபடுத்தும் பொருள்களுள் ஒன்றாகச் சேர்த்தது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக்கி, அங்கே பகலில் 50, இரவில் 40 டெசிபல் என்று வரம்பு வகுத்தன. ஆற்றுநீருக்குள் எழும் இரைச்சலுக்கு அவ்விதிகளில் வரம்பு இல்லை. பன்னாட்டுச் சட்டமோ இவ்வகையில் விரிந்தது: 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை, கடல் மாசு என்பதற்கு இலக்கணம் கூறுமிடத்தில் பொருளோடு ஆற்றலையும் சேர்த்துச் சொல்கிறது. ஒலியும் ஓர் ஆற்றலே. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2014இல் கப்பல் இரைச்சலைக் குறைக்கும் நெறிமுறைகளை வெளியிட்டு 2023இல் திருத்தியது. ஆயினும் அவை விரும்பினால் பின்பற்றலாம் என்ற நிலையிலேயே இருக்கின்றன.

சுல்தான்கஞ்சிலிருந்து கஹல்காவ்வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் கங்கை, 1991 முதல் விக்ரம்சீலா ஓங்கில் சரணாலயமாக இருக்கிறது. தேசிய நீர்வழியும் அதே நீரில்தான் செல்கிறது. நிலத்தில் ஒரு பள்ளியின் வாசலில் ஹாரன் அடிக்கத் தடை இருக்கும்போது, ஒலியால் பார்க்கும் உயிரின் சரணாலயத்துக்குள் நீரொலிக்கு வரம்பு இருக்கவேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது.

செய்யத்தக்கவை

தீர்வுகள் பெரும்பாலும் எளியவை. வேகத்தைக் குறைத்தால் குமிழாக்கம் குறையும். ஓங்கில் வாழும் மடுக்களையும் ஆற்றுக் கூடல்களையும் வரைபடத்தில் குறித்து, அங்கே கப்பல்கள் மெதுவாகச் செல்லும்படி விதிக்கலாம். கனடாவின் வான்கூவர் துறைமுகம் 2017 முதல் ஓர்கா திமிங்கிலங்கள் இரைதேடும் நீர்வழியில் கப்பல்களை வேகம் குறைக்கச் செய்து, இரைச்சல் தணிவதை அளந்தே காட்டியிருக்கிறது. படகின் சுழலியைச் செப்பனிட்டுத் துப்புரவாக வைத்தால் இரைச்சலோடு டீசல் செலவும் குறையும். ஆகவே இதில் படகுக்காரருக்கு இழப்பில்லை. கேரளத்தில் 2017இல் வைக்கத்தில் ஓடத் தொடங்கிய ‘ஆதித்யா’ என்ற சூரியமின் படகும், 2023இல் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோவின் மின்படகுகளும் டீசல் எஞ்சினின் இடிப்பு இல்லாமலேயே பயணிகளை ஏற்றிச்செல்கின்றன. மின்படகிலும் சுழலி உண்டு, விரைந்தால் அதுவும் குமிழாக்கத்தை உண்டாக்கும் என்பதால், மின்மோட்டாரோடு மிதவேகமும் வேண்டும். கடலில் தூண் அடிக்கும்போது சுற்றிலும் காற்றுக்குமிழித் திரை எழுப்பி ஒலியைத் தடுக்கும் முறை ஜெர்மனியில் நடைமுறையில் உள்ளது. ஆற்றுப் பாலப் பணிகளிலும் அதனைக் கையாள இயலும்.

இவை அனைத்தும் முதற்பாதி. மறுபாதி ஆற்றில் போதிய நீர் ஓடச் செய்வது. 1996 டிசம்பரில் இந்தியாவும் வங்கதேசமும் 30 ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட கங்கை நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம், ஜனவரி முதல் மே வரையிலான வறண்ட மாதங்களில் ஃபராக்காவில் நீரைப் பகிர்ந்துகொள்ளும் முறையை வகுத்தது. எத்தனை கனஅடி துறைமுகத்துக்கு, எத்தனை கனஅடி வயலுக்கு, எத்தனை கனஅடி குடிநீருக்கு என்று கணக்கிடும் எந்த மேசையிலும், ஆற்றுக்குள் வாழும் உயிர் தன் வழியைப் பார்க்க எத்தனை கனஅடி வேண்டும் என்ற வரியும் இடம்பெறவேண்டும் என்பதே 2019ஆம் ஆண்டு ஆய்விலிருந்து பெறத்தக்க பாடம்.

காப்பதற்கு இன்னும் ஏராளம் எஞ்சியிருக்கிறது என்பது நம்பிக்கை தரும் செய்தி. எட்டு மாநிலங்களில் 28 ஆறுகளில் 8,500 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து எடுத்து 2025 மார்ச்சில் வெளியிடப்பட்ட முதல் முழுமையான கணக்கெடுப்பு, இந்திய ஆறுகளில் 6,327 ஓங்கில்கள் இருப்பதாக மதிப்பிட்டது; அவற்றுள் மூன்று மட்டும் பியாஸ் ஆற்றின் சிந்து ஓங்கில்கள், மற்றவை கங்கை ஓங்கில்கள். மேற்கு வங்கத்தின் பங்கு 815. சீனத்தின் யாங்சி ஆற்றில் இதைப்போலவே வாழ்ந்த பைஜி ஓங்கிலைத் தேடி 2006இல் அது வாழ்ந்த ஆற்றுப் பகுதி முழுவதும் சென்ற குழுவினர் ஒன்றைக்கூடக் காணாமல் திரும்பினர். மீன்பிடி வலையும் தூண்டிலும் முதற்காரணங்களாக இருந்த அந்த அழிவில், ஓயாத கப்பல் போக்குவரத்துக்கும் பங்கு உண்டு. யாங்சி இழந்துவிட்டது கங்கையில் இன்னும் இருக்கிறது.

கட்வாவில் பாகீரதியும் அஜய் ஆறும் கூடும் இடத்தில் ஓங்கிலைக் காணப் படகில் செல்வோர், நடு ஆற்றுக்கு வந்ததும் படகுக்காரர் எஞ்சினை நிறுத்துவதைக் காண்பர். பட்பட் ஓசை அடங்கி, படகு நீரோட்டத்தின் போக்கில் மிதக்கத் தொடங்கும்; சற்றுப் பொறுத்தால், எதிர்பாராத திசையில் ‘சூஸ்’ என்ற மூச்சொலி எழும்; திரும்பிப் பார்ப்பதற்குள் நீண்ட தாடை நீருக்குள் மறைந்துவிடும். மனிதர் ஓங்கிலைக் கேட்பதற்குத் தேவைப்படும் அந்தச் சில நிமிட அமைதிதான், ஓங்கில் தன் ஆற்றைப் பார்ப்பதற்கும் தேவைப்படுகிறது. எஞ்சினை நிறுத்தும் விசையும் மதகைத் திறக்கும் சக்கரமும் மனிதரின் கையிலேயே இருக்கின்றன.